32-வது நிமிடத்தில் தடுக்கிய பாட்டு: ஏற்காட்டு வீட்டில் ஒரு பழைய சிடி பிளேயரைச் சரிசெய்தது பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

ஏற்காட்டில் ஏரியிலிருந்து சற்றுத் தள்ளி, காபித் தோட்டத்தை ஒட்டி ஒரு வீடு. அங்கே இருப்பவர் 74 வயதுப் பெரியவர். எஸ்டேட்டில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். மனைவி காலமாகி ஒன்பது வருடம் ஆகிறது. மகள் சேலம் ஃபேர்லேண்ட்ஸில் குடியிருக்கிறார், வங்கி வேலை. சனி, ஞாயிறுகளில் மலையேறி அப்பாவைப் பார்த்துவிட்டு வருவார். செட்டைப் பழுதுபார்த்தது இந்த மகள்தான். அதற்கு முன்னால் அவர் மின்சாதனம் எதையும் திறந்து பார்த்ததில்லை. நான் அவருடைய கணவரின் நண்பன். பழைய ஆடியோ செட்களை வீட்டில் வைத்துச் சரிசெய்வது எனக்கு இருபது வருடப் பழக்கம், தொழில் இல்லை. இந்த வேலையில் என் பங்கு பெரும்பாலும் போனில்தான்.

பிளேயர் 1990-களின் தொடக்கத்தில் வளைகுடாவிலிருந்து ஊருக்கு வந்த உறவினர் கொண்டுவந்தது. ஜப்பான் தயாரிப்பு, ஒரே ஒரு டிஸ்க் போடுகிற டிரே, உள்ளே கனமான டிரான்ஸ்ஃபார்மர். சிடி என்ற பொருளே 1982-இல்தான் சந்தைக்கு வந்தது. அடுத்த பத்து வருடத்தில் செய்த செட்களில் பெரும்பாலானவை ஸ்குரூ போட்டு மூடியவை. பொறுமையாகப் பிரித்தால் திரும்ப மாட்டிவிடலாம். புதியவர் ஒருவரிடம் இந்த வேலையைத் தைரியமாகக் கொடுத்ததற்கு அது ஒரு காரணம்.

இந்தக் கதையில் முக்கியமான இன்னொன்று ஒரு டிஸ்க். பெரியவரிடம் இருந்த நூற்றுச் சொச்சம் சிடிகளில் ஒன்றே ஒன்றுக்கு மட்டும் கடை அட்டை கிடையாது. வெள்ளை முகத்தில் நீல ஸ்கெட்ச் பேனாவால் 'கொலு' என்று எழுதியிருக்கும். அவர் மனைவி நவராத்திரிக் கொலுவில் பாடியதைக் கேசட்டில் பிடித்து, பிற்பாடு சேலத்தில் ஒரு ஸ்டுடியோவில் சிடியாக எழுதி வாங்கியது. கேசட் மலை ஈரத்தில் பூஞ்சை பிடித்துப் போய்விட்டது. ஆக, அந்தக் குரல் அந்த ஒரு டிஸ்கில்தான் இருந்தது. இது எனக்குத் தெரியவந்தது வேலை பாதி முடிந்த பிறகுதான். முதல் நாளே நான் கேட்டிருக்க வேண்டும்.

கடையில் சொன்னது

நவம்பர் மாதம் செட் நின்றது. டிஸ்க் போட்டால் கொஞ்ச நேரம் உள்ளே ஏதோ அசையும், பிறகு 'நோ டிஸ்க்' என்று காட்டும். டிரே வெளியே வருவதும் தடுமாற்றம்தான். இரண்டு வருடமாக அதைக் கையால் தள்ளித்தான் மூடிக்கொண்டிருந்தார்களாம்.

மகள் அதைச் சேலத்துக்குக் கொண்டுவந்து இரண்டு கடைகளில் காட்டினார். இரண்டு இடத்திலும் ஒரே வார்த்தை: "லென்ஸ் போச்சுங்க." லென்ஸ் என்று கடையில் சொல்வது அந்தச் சின்னக் கண்ணாடியை மட்டும் இல்லை. லேசர், அதை ஏந்தும் சுருள்கள், ஒளி வாங்கும் சில்லு எல்லாம் சேர்ந்த முழு ஹெட்டுக்கும் அதுதான் பெயர். அந்த மாடலுக்கான ஹெட் இப்போது வருவதில்லை என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். டிவிடி பிளேயர்கள் வரிசையாக வந்த காலத்தில் ஹெட்டை மாற்றிக் கொடுப்பதுதான் விரைவான, கட்டுப்படியாகிற வழி. ஆனால் டிஸ்கைப் படிக்காத செட்டில் ஹெட் செத்துவிட்டது என்பது பல காரணங்களில் ஒன்றுதான்.

முதல் பிரிப்பு, சேலத்தில்

திறப்பதற்கு முன்னால் செட் என்ன செய்கிறது என்று வரிசையாகப் பார்த்துச் சொல்லச் சொன்னேன். சிடி பிளேயர் டிஸ்கை உள்ளே வாங்கியதும் செய்கிற வேலைகளுக்கு ஒரு ஒழுங்கு உண்டு. ஹெட்டைச் சுமக்கும் வண்டி டிஸ்கின் நடுப்பக்கம் வந்து நிற்கும். லேசர் எரியும். லென்ஸ் மேலும் கீழுமாக இரண்டு மூன்று முறை அசைந்து குவியம் தேடும். கிடைத்தால் டிஸ்க் சுழலும். நடுவில் உள்ள பொருளடக்கப் பகுதியைப் படித்துவிட்டு எத்தனை பாட்டு, மொத்தம் எத்தனை நிமிடம் என்று காட்டும். எந்தப் படியில் நிற்கிறதோ அந்தப் படியில்தான் நோய் இருக்கும்.

மேல்மூடியைக் கழற்றும் முன் பிளக்கைப் பிடுங்கிக் கையெட்டாத இடத்தில் வைக்கச் சொன்னேன். பிளக் மாட்டியிருந்தால் பவர் சுவிட்சிலும் பியூஸிலும் 230 வோல்ட் மூடாமல் திறந்தபடி இருக்கும். அந்தப் பக்கம் கையே போகக்கூடாது. மூடியில்லாமல் ஓட்டிப் பார்க்க வேண்டிய நேரத்தில் ஒரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்ள வேண்டும். லேசர் 780 நானோமீட்டர் அகச்சிவப்பு. கண்ணுக்கு ஏதோ மங்கலான சிவப்புப் புள்ளி போலத்தான் படும், அதை நம்பிக் குனிந்து பார்க்கக்கூடாது. தள்ளி நின்று, பக்கவாட்டிலிருந்து போன் கேமராவில் பார்த்தார். ஒளி தெரிந்தது. லென்ஸ் ஏறி இறங்கியது. அப்படியானால் லேசர் முழுக்கச் சாகவில்லை.

லென்ஸில் ஈரத்தோடு படிந்த புகை மாதிரி ஒரு படலம் இருந்தது. ஏற்காட்டு வீடுகளில் மழைக்காலத்தில் கேமரா லென்ஸிலேயே பூஞ்சை வரும், இது எம்மாத்திரம். முதலில் ரப்பர் பல்ப் ஊதுகுழலால் தூசியை ஊதி, பிறகு காட்டன் பட்ஸில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் ஒரு சொட்டு தொட்டு, அழுத்தாமல் நடுவிலிருந்து வெளியே துடைக்கச் சொன்னேன். லென்ஸ் பெரும்பாலும் பிளாஸ்டிக்; தலைமுடி போன்ற மெல்லிய உலோகக் கம்பிகளில்தான் தொங்குகிறது. பட்ஸ் ஓவியத் தூரிகை மாதிரி பட வேண்டும்.

டிரே பெல்ட் நீண்டு தளர்ந்திருந்தது. டேப்ரெக்கார்டர் பெல்ட்கள் கலந்து விற்கும் பாக்கெட் ஒன்றை டவுனில் வாங்கி, பழையதைவிடச் சற்றுச் சிறியதாகப் பார்த்து மாட்டினார். அது பத்து நிமிட வேலை.

டிஸ்க் போட்டதும் உடனே படித்தது. நான்கு பாட்டு முழுதாகப் பாடியது. மகள் வீடியோ எடுத்து அனுப்பினார். நானும் "சரி, முடிஞ்சுது" என்று சொல்லிவிட்டேன். மதியம் மூன்று மணி, சேலத்து வெயில். அந்த வாரக் கடைசியில் செட்டை மடியில் வைத்துக்கொண்டு இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறினார்கள்.

மலையில் மறுபடியும்

மறுநாள் காலை ஏழு மணிக்குப் பெரியவர் டிஸ்க் போட்டார். 'நோ டிஸ்க்.'

எனக்கு முதலில் தோன்றியது மின்சாரம். மலையில் வோல்டேஜ் ஏறி இறங்கும் என்று நினைத்தேன். ஸ்டெபிலைசர் 220-க்குப் பக்கத்தில்தான் காட்டியது; டிரான்ஸ்ஃபார்மர் வைத்த இந்த மாதிரிச் செட்டுக்கு அது தாராளம். அடுத்து பனி. குளிர்ந்து கிடந்த லென்ஸ் மேல் ஈரக்காற்று பட்டால் ஆவி படியும். பழைய பிளேயர்களின் கையேடுகளிலேயே, குளிரான இடத்திலிருந்து சூடான அறைக்குக் கொண்டுவந்தால் ஒரு மணி நேரம் போல விட்டு வைக்கச் சொல்லியிருக்கும். செட்டை ஆன் செய்து ஒரு மணி நேரம் அப்படியே விட்டுப் பார்க்கச் சொன்னேன். ஒன்பது மணிக்குப் படித்தது. பனிதான் என்று முடிவு கட்டத் தயாராக இருந்தேன். மகள் தயாராக இல்லை.

"அண்ணா, டார்ச் அடிச்சுப் பார்த்தேன், லென்ஸ் காஞ்சுதான் இருந்துச்சு. அப்பவும் நோ டிஸ்க்தான்."

அதோடு அவர் இன்னொரு விஷயமும் சொன்னார். படிக்க ஆரம்பித்த பிறகு முதல் அரை மணி நேரம் நன்றாகப் பாடுகிறதாம், பிறகு ஒரு இடத்தில் தடுக்கி, அங்கேயே அரைநொடியைத் திரும்பத் திரும்பச் சொல்கிறதாம். சேலத்தில் நாங்கள் நான்கு பாட்டோடு நிறுத்திவிட்டோம். அரை மணி நேரத்தை எட்டவே இல்லை.

நோட்டு

இந்த இடத்திலிருந்து வேலையை நடத்தியது மகளுடைய குறிப்பு நோட்டுதான், என் அனுபவம் இல்லை. வங்கிக்காரர் என்பதால் கோடு போட்டு எழுதினார்: தேதி, நேரம், அறையின் சூடு, எந்த டிஸ்க், என்ன காட்டியது, தடுக்கினால் எந்தப் பாட்டில் எத்தனையாவது நொடி. அவர் ஊரில் இல்லாத நாட்களில் பெரியவர் எழுதினார். மூன்று வாரம்.

அறை 15 டிகிரிக்குப் பக்கத்தில் இருந்த காலைகளில் எல்லாம் 'நோ டிஸ்க்'. 20-ஐத் தாண்டியதும் படித்தது. இது முதல் வரிசை. இரண்டாவது வரிசைதான் முக்கியம். ஒரு டிஸ்கில் ஏழாவது பாட்டில் தடுக்கியிருக்கிறது, இன்னொன்றில் ஐந்தாவதில், வேறொன்றில் பதினொன்றில். பார்க்க ஒழுங்கே இல்லை. மகள் ஒவ்வொன்றிலும் அதற்கு முந்தைய பாட்டுகளின் நேரத்தைக் கூட்டிப் பார்த்தார். எல்லாம் 31-க்கும் 34-க்கும் இடைப்பட்ட நிமிடம்.

அதைப் போனில் கேட்டதும் எனக்கு விளங்கிவிட்டது. சிடி நடுவிலிருந்து விளிம்பை நோக்கிப் படிக்கப்படுகிறது. 74 நிமிடப் பாட்டுக்கு ஹெட் வண்டி நகரும் தூரம் மூன்றரை சென்டிமீட்டருக்கும் குறைவு. கண்ணால் பார்த்தால் நகர்வதே தெரியாது. ஆகவே எத்தனையாவது நிமிடம் என்பது வண்டி எங்கே நிற்கிறது என்பதற்கு இன்னொரு பெயர். டிஸ்குக்கு டிஸ்க் சுழல் வேகம் கொஞ்சம் மாறும் என்பதால் இரண்டு மூன்று நிமிடம் முன்னே பின்னே இருக்கும். எந்த டிஸ்க் போட்டாலும் 32-ஐ ஒட்டியே தடுக்கினால் டிஸ்கில் கோளாறு இல்லை, லேசரிலும் இல்லை. வண்டியின் பாதையில், ஏறக்குறைய பாதி வழியில், ஏதோ கிடக்கிறது.

குளிரும் அதே கதையைத்தான் சொன்னது. முப்பது வருடத்துக் கிரீஸ் இறுகியிருந்தால், குளிரில் இன்னும் கெட்டியாகும். வண்டி நடுப்பக்கம் வந்து சேராது. பொருளடக்கம் கிடைக்காது. 'நோ டிஸ்க்.'

பிரீசெட் பற்றிய பேச்சு

இதற்கு நடுவில்தான் 'கொலு' டிஸ்க் பற்றிய பேச்சு வந்தது. சூடு ஏறிய மதியத்திலும் அந்த ஒரு டிஸ்கை மட்டும் செட் படிக்கவே இல்லை. ஹெட்டின் ஓரத்தில் கடுகு அளவில் ஒரு பிரீசெட், அதாவது லேசரின் கரண்டைக் கூட்டிக் குறைக்கும் சின்னத் திருகு, இருக்கும். அதைத் திருப்பினால் லேசர் பலமாகும், தேய்ந்த ஹெட்டும் படிக்கும் என்று யாரோ மகளிடம் சொல்லியிருக்கிறார்கள்.

"ஒரு நூல் திருப்பிப் பார்த்தா என்னண்ணா? அம்மா பாட்டு அதுல மட்டும்தான் இருக்கு."

வேண்டாம் என்று சொல்வது எளிதாக இல்லை. காரணத்தை முழுதாகச் சொன்னேன். கடையில் வாங்கும் சிடியில் அலுமினியப் பூச்சு இருக்கிறது. விழுகிற ஒளியில் பெரும்பங்கைத் திருப்பி அனுப்பும். வீட்டிலோ ஸ்டுடியோவிலோ எழுதும் சிடியில் சாயப் பூச்சு; திருப்பி அனுப்பும் ஒளி கொஞ்சம் குறைவு, வருடம் போகப் போகச் சாயமும் மங்கும். 1990-களின் தொடக்கத்துச் செட்கள் பல அந்த வகையை மனதில் வைத்துச் செய்யப்படவில்லை. பிரீசெட்டைத் திருப்பினால் லேசருக்குப் போகும் கரண்ட் கூடும், சில நாள் படிக்கவும் செய்யலாம். கரண்ட் கூடக் கூட லேசரின் ஆயுள் குறையும். ஒரு நூல் அதிகமானாலும் அந்த நொடியிலேயே எரிந்துபோகலாம். எரிந்தால் திரும்பி வராது, மாற்று ஹெட்டும் இல்லை. மற்ற வேலைகள் எல்லாம் திரும்பப் பெறக்கூடியவை. தவறாகத் துடைத்தால் மறுபடி துடைக்கலாம், பெல்ட் பொருந்தாவிட்டால் வேறு பெல்ட். பிரீசெட் அப்படி இல்லை.

அந்தப் பேச்சின் நடுவில்தான் எனக்கு உறைத்தது: அம்மாவின் குரலை எடுக்க இந்தச் செட் தேவையே இல்லை. அன்று சாயங்காலமே ஃபேர்லேண்ட்ஸ் வீட்டில் ஒரு பழைய கம்ப்யூட்டரின் டிரைவில் டிஸ்கைப் போட்டார்கள். முதல் டிரைவ் பாதியில் நின்றது. பக்கத்து வீட்டிலிருந்து வாங்கி வந்த இரண்டாவது டிரைவ், வேகத்தைக் குறைத்து வைத்தபோது, 41 நிமிடத்தையும் முழுதாக எடுத்துவிட்டது. மூன்று இடங்களில் பத்திரப்படுத்தினார்கள். அதற்குப் பிறகு பிரீசெட் பற்றி யாரும் பேசவில்லை.

இரண்டாவது பிரிப்பு, ஏற்காட்டில்

பொங்கல் விடுமுறையில் செய்தோம். இந்த முறை நானும் மலைக்குப் போனேன். ஸ்குரூ டிரைவரைத் தொட்டது மகள் மட்டும்தான். அது அவர் போட்ட நிபந்தனை. காலை ஏழரை மணிக்கே ஆரம்பித்தோம், வேண்டுமென்றே. வெளியே சில்வர் ஓக் மரங்கள் தெரியாத அளவுக்குப் பனி. அறைக்குள் 14 டிகிரி.

ஒவ்வொரு ஸ்குரூவுக்கும் முன்னால் ஒரு போட்டோ. கழற்றிய ஸ்குரூக்களை முட்டை அட்டையின் குழிகளில் வரிசையாகப் போட்டார். ஹெட்டைத் தொடுவதற்கு முன் ஒவ்வொரு முறையும் டிரான்ஸ்ஃபார்மரின் இரும்பைத் தொட்டுக்கொண்டார். உடம்பில் சேரும் நிலைமின்சாரம் லேசரைக் கொல்லும் என்று சொல்லியிருந்தேன்.

ஹெட் வண்டி உள்ள இயந்திரப் பகுதி தனியாகக் கழன்று மேசைக்கு வந்தபோது, வண்டியை நகர்த்தும் பெரிய வெள்ளைப் பல்சக்கரத்தை விரலால் திருப்பச் சொன்னேன். திருகியது, ஆனால் விரல் நுனி வெளுக்கும் அளவுக்கு அழுத்த வேண்டியிருந்தது. பாதி வழியில் 'டக்' என்று ஒரு தட்டு. மறுபடி பின்னால் கொண்டுவந்து திருப்பினார். அதே இடத்தில் அதே தட்டு. மூன்று வாரமாக நோட்டில் எழுதியதை விரல் தொட்டது.

அந்த இடத்தில் டார்ச்சும் பூதக்கண்ணாடியும் வைத்துப் பார்த்தோம். வண்டியின் அடியில் பிளாஸ்டிக் பல்வரிசை. இரண்டு பற்களுக்கு நடுவில் கடுகில் பாதி அளவு பழுப்புத் துணுக்கு. பழைய கிரீஸ், நடுவில் ஒரு நரைமுடி. காய்ந்துபோன வெல்லப் பாகு பாத்திரத்தில் ஒட்டியிருப்பது போல இருந்தது. பல்குச்சியின் முனையால் ஓரத்தைக் கிளப்பி, இடுக்கியால் எடுத்து வெள்ளைத் தாளில் வைத்தார். பெரியவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து வெகுநேரம் பார்த்தார். "இவ்வளவுதானா கண்ணு?" என்று கேட்டார்.

வண்டி ஓடும் எஃகுத் தண்டில் கிரீஸ் மஞ்சள் வார்னிஷ் மாதிரி இறுகியிருந்தது. தண்டை உருவி, ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்ததில் மூன்று துண்டுத் துணி அழுக்கானது. தண்டுக்குத் தையல் மெஷின் எண்ணெய் தொட்டுத் துடைத்த அளவு, பற்களுக்குப் பிளாஸ்டிக்குக்கு ஒத்துவரும் வெள்ளை லித்தியம் கிரீஸ் ஊசி முனையால். துரு நீக்கும் ஸ்பிரே வீட்டில் இருந்தது; அதை எடுக்கவிடவில்லை. அது பரவி லென்ஸ் மேல் ஏறும், தூசியையும் சேர்க்கும்.

ஒரு சேதமும் நடந்தது. ஹெட்டின் ரிப்பன் கேபிளை எடுக்கும்போது, அதைப் பிடித்திருந்த பழுப்புப் பூட்டின் ஒரு காது முறிந்தது. பிளாஸ்டிக் வயதாகி மொறுமொறுத்திருந்தது. நான் மேல்நோக்கித் தூக்கச் சொன்னேன். அது முன்னோக்கிச் சாய வேண்டிய வகை. தவறு என்னுடையது. கேபிளை முழுதாக உள்ளே தள்ளி, பூட்டுக்கும் கேபிளுக்கும் நடுவில் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் கீற்றைச் செருகினோம். பிடித்துக்கொண்டது.

பதினொரு மணிக்குள் மூட முடிந்திருக்கும். மூடவில்லை. இரவு முழுக்கக் குளிரில் விட்டு, மறுநாள் காலை ஆறரைக்குப் போட்டோம். படித்தது. 70 நிமிட டிஸ்க் ஒன்றை ஆரம்பத்திலிருந்து கடைசிவரை உட்கார்ந்து கேட்டோம். 31, 32, 33 தாண்டியபோது யாரும் பேசவில்லை.

அதன் பின்

நான்கு மாதம் ஆகிறது. கடையில் வாங்கிய சிடிகளை எல்லாம் செட் எந்த நேரத்திலும் படிக்கிறது. நோட்டைப் பெரியவர் இன்னும் நிறுத்தவில்லை. பாட்டின் பெயரும் சேர்த்து எழுதுகிறார்.

பழைய 'கொலு' டிஸ்கை இன்றும் செட் படிக்கவில்லை. பத்திரப்படுத்திய கோப்பிலிருந்து புதிய சிடி ஒன்றைக் குறைந்த வேகத்தில் எழுதிக் கொடுத்தோம். மூன்று முறை போட்டால் இரண்டு முறை படிக்கிறது. ஹெட்டுக்கு வயதாகிவிட்டது என்பது இதில் தெரிகிறது. கடைக்காரர்கள் சொன்னதில் அந்த அளவுக்கு உண்மை உண்டு.

மாற்றிச் செய்யவேண்டியவை

முதல் கேள்வியை மாற்றுவேன். செட்டுக்கு என்ன என்று கேட்பதற்கு முன்னால், திரும்பக் கிடைக்காத டிஸ்க் ஏதாவது இருக்கிறதா என்று கேட்பேன். இருந்தால் அதை நகல் எடுத்த பிறகுதான் ஸ்குரூ டிரைவர். வண்டி தடுக்கும் ஒரு செட்டுக்குள், உலகில் ஒன்றே ஒன்றாக இருந்த டிஸ்கை அவர்கள் பத்து முறையாவது போட்டு எடுத்திருக்கிறார்கள். கீறல் விழாமல் போனது அதிர்ஷ்டம் மட்டுமே. இதை நினைத்தால் எனக்கு இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது.

செட் எங்கே குடியிருக்கிறதோ அங்கே, அது நிற்கிற நேரத்தில் சோதிக்க வேண்டும். சேலத்து மதியத்தில் நான் கொடுத்த "முடிஞ்சுது" மூன்று வாரத்தை வீணாக்கியது. குறைந்தது ஒரு நீளமான டிஸ்கை முழுதாகக் கேட்காமல் மூடியை மாட்டக்கூடாது. நோட்டை முதல் நாளே தொடங்கியிருந்தால் முதல் பிரிப்பிலேயே தண்டைத் துடைத்திருப்போம். பூட்டு எந்தத் திசையில் திறக்கும் என்று சர்வீஸ் மேனுவலில் பார்த்துவிட்டுத்தான் சொல்லியிருக்க வேண்டும், ஞாபகத்தில் சொன்னேன்.

போர்டில் மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் கண்டென்சர்களை மாற்றவில்லை. வயது காரணமாகவே எல்லாவற்றையும் மாற்று என்று சொல்பவர்கள் உண்டு. சால்டரிங் பழகாத கையில் முப்பது வருடத்துப் போர்டைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. மகள் இப்போது உடைந்த ரேடியோ போர்டு ஒன்றில் சால்டரிங் பழகிக்கொண்டிருக்கிறார். மழைக்காலத்துக்கு முன் பவர் பகுதியில் உள்ள நான்கு கண்டென்சர்களை மட்டும் பார்க்கலாம் என்று பேசியிருக்கிறோம். பிரீசெட் மேல், யாரும் தெரியாமல் திருப்பிவிடாதபடி, ஒரு துண்டு டேப் ஒட்டியிருக்கிறது.